புதுப்பிப்பு: குக்கர்ல பருப்பு வேகாத பிரச்சனை தீர்ந்துச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, துவரம்பருப்பு 6 விசில் விட்டாலும் முழுசு முழுசா நிக்குது, பொங்கி அடுப்பெல்லாம் வழியுதுன்னு. காரணம் எங்க போர் தண்ணிதாங்க! அதுல இருக்க கால்சியம் பருப்ப மசியவே விடாது. நேத்து கேன் தண்ணில அரை மணி நேரம் ஊற வச்சு, மஞ்சத்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, குக்கர்ல பாதிக்கு மேல போகாம வச்சேன், மொத விசில் வந்ததும் சிம்ல 10 நிமிஷம், ஆவி தானா அடங்குற வரைக்கும் தொடவே இல்ல, திறந்தா கரண்டியால மசிச்சாலே வெண்ணெய் மாதிரி ஆகிடுச்சு, அவ்ளோ சந்தோஷம். எண்ணெய் நுரைய அடக்கிடுது, அதான் பொங்கல. தக்காளி, புளியெல்லாம் பருப்பு வெந்த பிறகுதான் போடணும், புளிப்பு சேர்ந்தா வேக லேட்டாகும். கேஸ்கட்டும் மாத்திட்டேன், பழசு வெடிப்பு விட்டிருந்துச்சு. நாளைக்கு கொண்டைக்கடலை, இப்பவே கேன் தண்ணில ஊறுது.