நன்கொடையா வந்த 17 பழைய தையல் மிஷின்: எதைக் கொடுக்கலாம், எதை உதிரிக்கு வைக்கலாம்?

தக்கலை_தையல்:
தக்கலை, திங்கள்சந்தை பக்கம் வீடு வீடா கேட்டதுல 17 மிஷின் சேர்ந்திருக்கு. தையல் படிச்சு முடிச்சு, மிஷின் வாங்க வழியில்லாத பெண்களுக்குக் கொடுக்கணும். ஸ்டாண்டோட கால்மிஷின் 11, தலை மட்டும் 4, கைமிஷின் 2. குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் கடலோர வீடுகள்ல இருந்து வந்தது பாதி, சக்கரமே அசையல. ரெண்டு பழைய சிங்கர்ல தங்க நிறத்துல ஸ்பிங்ஸ் (சிங்க உடம்பு, மனுஷத் தலை) படம் இருக்கு. லட்சக்கணக்குல போகும்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. எங்கிருந்து தொடங்கணும்?

பழஞ்சக்கரம்_நாகர்கோவில்:
துருவையும் அழுக்கையும் பார்த்துத் தரம் பிரிக்காதீங்க, பாபினை, அதாவது கீழ்நூல் சுத்துற சின்ன உருளையைப் பார்த்துப் பிரிங்க. மூணு வகை வரும்.

இடது ஓரத்துல, ஊசிக்குக் கீழே பாபின் கேஸ் பக்கவாட்டுல மாட்டினா அது சிங்கர் 15 வகை. நம்ம ஊர்க் கறுப்பு மிஷின் முக்காவாசியும் இதோட நகல்தான். பாபின், கேஸ், ஷட்டில் (மேல்நூலைக் கீழ்நூலோட கோர்க்கிற பாகம்) எல்லாம் வடசேரியிலயும் கிடைக்கும், மார்த்தாண்டத்துலயும் கிடைக்கும். பிழைப்புக்குக் கொடுக்க இதுதான் சரி.

தட்டை நகர்த்தினா பாபின் படுத்துக் கிடந்தா சிங்கர் 66 அல்லது 99. நல்லாத் தைக்கும். ஆனா அதுக்கு வேற பாபின். உயரம் குறைவு, பக்கம் லேசாக் குவிஞ்சிருக்கும். கடையில கிடைக்கிற தட்டைப் பாபினைப் போட்டு, நூல் சிக்கி, "மிஷின் ரிப்பேர்"னு மூலையில ஒதுக்கினதுதான் பல வீட்டுக் கதை. சரியான பாபின் குறைஞ்சது பத்து கையில இல்லாம இதை யாருக்கும் கொடுக்காதீங்க.

நீளமா ஒல்லியா ஒரு பாபின், அது தோட்டா மாதிரி ஷட்டிலுக்குள்ள இருந்து முன்னும் பின்னும் ஆடினா சிங்கர் 27 அல்லது 127. தையல் அழகா விழும், உதிரிதான் கிடைக்காது. ஒதுக்கி வைங்க. கைமிஷின்ல ஒரு கை சக்கரத்துக்கே போயிடும், அதனால வருமானத்துக்கு ஆகாது. சின்னப் பிள்ளைங்களுக்குப் பழக்கிக் கொடுக்க நல்லது.

இறுகின மிஷினுக்கு: ஊசி, பாபின் கேஸ், பெல்ட் மூணையும் கழட்டுங்க. ஊசித் தட்டோட ரெண்டு திருகை எடுத்து, ஷட்டில் ஓடுற வளையத்துல சுத்தின நூலைக் கிள்ளி எடுங்க. இறுக்கத்துக்குப் பாதிக் காரணம் அந்த நூல்தான். கைச்சக்கரத்துக்குப் பின்னால தண்டுல சுத்தியிருக்கான்னும் பாருங்க. அப்புறம் எல்லா எண்ணெய்த் துளையிலயும், இரும்பு இரும்போட உரசுற எல்லா இடத்துலயும் மண்ணெண்ணெயும் மிஷின் ஆயிலும் சமமாக் கலந்து விட்டு 24 மணி நேரம் விட்டுடுங்க. மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசா ஆட்டுங்க. ஒரு நூல் அளவு அசைஞ்சாலும் ஜெயிச்ச மாதிரிதான். அசையலைன்னா முகத்தட்டை (இடது ஓரத்துல ஊசிக்கு மேல இருக்கிற மூடி) திறந்து ஊசிக்கம்பியா, கீழ்த்தண்டான்னு பாருங்க. இறுகின இடத்துல முடி உலர்த்துற டிரையரால அஞ்சு நிமிஷம் சூடு காட்டி மறுபடி எண்ணெய் விடுங்க. சுத்தியல் வேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடும். குறடால சக்கரத்தைப் பிடிச்சுத் திருகவும் வேண்டாம்.

கருங்கல்_மிஷின்கடை:
மேல சொன்னது சரி. ஒண்ணு விட்டுப் போச்சு: மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், வழுக்கல் கொடுக்காது. அசைஞ்ச அன்னைக்கே கறுப்புக் கசடைத் துடைச்சு மிஷின் ஆயில் விடணும். ஆயில் விடாம ஓட்டினா தண்டும், அது சுத்துற புஷ்ஷும் (உலோகக் குழல்) தேயும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். நம்ம மாவட்டத்துல அது கைக்கெட்டுற தூரத்துல இருக்கதால எல்லாரும் விட்டு வச்சிருப்பாங்க. தூசியோடு சேர்ந்து பிசினா இறுகினதைத்தான் நீங்க இப்ப சுரண்டிட்டு இருக்கீங்க.

ஊசியையும் பாருங்க. 15 வகையில தட்டைப் பக்கம் இடது கைப்பக்கம், நூல் வலமிருந்து இடம். 66, 99ல நேர் எதிர். மாத்திப் போட்டா தையல் விடும், ஷட்டில் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுப்பாங்க.

சோதிக்க 14ஆம் நம்பர் ஊசி, ரெண்டு மடிப்பு வெள்ளைப் பருத்தி, மேல சிவப்பு நூல், கீழ நீல நூல். ஒரு மீட்டர் தைங்க. அடியில சிவப்பு வளையம் வளையமாத் தொங்கினா மேல் டென்ஷன் (நூலோட இறுக்கம்) அல்லது நூல் கோர்த்த விதத்துல கோளாறு. கேஸ் திருகைத் தொடாதீங்க. மேல நீலம் தெரிஞ்சா மேல் டென்ஷன் அதிகம், இல்லைன்னா கேஸ் தளர்வு. வெள்ளைத் துணியில எண்ணெய் ஒழுகினாலும் தெரிஞ்சிடும்.

பெல்ட் 5 மி.மீ. தோல், 72 அங்குலமா வரும். ஒரே வெட்டா வெட்டாதீங்க, அரை அரை அங்குலமாக் குறைங்க.

பழம்பொருள்_குழித்துறை:
ஸ்பிங்ஸ் படம் இருந்தா மட்டும் அபூர்வம் ஆயிடாது. சிங்கர் 27 வகையில அது சாதாரணம். சீரியல் எண்ணைப் பாருங்க, மிஷின் அடித்தட்டுல வலது பக்கம் தூணுக்குப் பக்கத்துல இருக்கும். எழுத்து இல்லாம எண் மட்டும் இருந்தா 1900க்கு முந்தினது. மாடல் எண்ணோட 'கே' சேர்ந்திருந்தா ஸ்காட்லாந்து கில்போவி ஆலை. 1885ல தொடங்கி 1980ல மூடினது. நீலப் பட்டையில 1851–1951ன்னு இருந்தா நூற்றாண்டு வெளியீடு. பார்க்க அழகு, எண்ணிக்கையில ரொம்ப அதிகம். பிடில் வடிவ அடித்தட்டு வந்தா தனியா வைங்க, அதோட ஊசி கிடைக்கிறதே கஷ்டம்.

லட்சம்ங்கிற பேச்சுக்கு மூலம் ஒரு புரளி. 2009ல சவுதியில பழைய சிங்கர்ல செம்பாதரசம் ('ரெட் மெர்க்குரி'ன்னு சொல்ற, பெரிய விலை போகும்னு நம்பின பொருள்) இருக்குன்னு கிளம்பி, ஜனம் போட்டி போட்டு வாங்கினாங்க. வளைகுடா போய் வர்ற நம்ம ஊருக்கு அது வராமலா இருக்கும்! உள்ளே இருக்கிறது இரும்பு மட்டும்தான்.

விலை நிக்கிறது தங்கப் படத்தோட நிலைமையில. தின்னர், ஸ்பிரிட், கை சானிட்டைசர் எதுவும் படக்கூடாது. அரக்கு மேல்பூச்சு கரைஞ்சு படம் துணியோட வந்துடும். மிஷின் ஆயில் தொட்ட பஞ்சு போதும். அந்த ரெண்டையும் சேகரிப்பாளர்களுக்கு ஷட்டில், பாபின், மூடியோட சேர்த்து வித்து, பணத்தை ஸ்டாண்டு இல்லாத தலைகளுக்குப் போடுங்க. தலை முழு அளவா, அதாவது அடித்தட்டு சுமார் 14½க்கு 7 அங்குலமான்னு அளந்துட்டு ஸ்டாண்டு தேடுங்க. 99 சின்னது, அதுல நிக்காது.

தக்கலை_தையல்:
நன்றி அண்ணே, எல்லாருக்கும். பாபின் பார்த்துப் பிரிச்சோம்: 12 எண்ணம் 15 வகை, மூணு 66, ஸ்பிங்ஸ் ரெண்டும் தோட்டா ஷட்டில். இறுகினதுல அஞ்சு அசைஞ்சாச்சு. ஒண்ணுல மட்டும் சக்கரம் சுத்துது, ஊசி அசையல. நடுத்திருகை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்கல.

கருங்கல்_மிஷின்கடை:
சுத்தம் செய்ய நடுத்திருகைக் கழட்டினீங்களா? உள்ளே ஒரு வாஷர் உண்டு, நடுவுல ரெண்டு காது, வெளியே மூணு பல். அதைத் திருப்பி மாட்டியிருப்பீங்க. பெரிய திருகுக்குள்ள இருக்க சின்னத் திருகைத் தளர்த்தி, பெரியதைக் கழட்டி, வாஷரை அரைவட்டம் சுத்தி வைங்க. காது தண்டோட வெட்டுல உக்காரணும், அந்தக் காதோட வளைஞ்ச நுனி உங்களைப் பார்த்து இருக்கணும். பெரியதை முறுக்கி, கடைசியில சின்னத் திருகைப் போடுங்க. அப்பவும் வழுக்கினா வாஷரையும் சக்கரத்தோட உள்முகத்தையும் மண்ணெண்ணெய்ல துடைச்சிட்டு மாட்டுங்க. அந்த முகத்துல எண்ணெய் இருந்தாலும் பிடிக்காது.