முத்து மோதிரத்துக்கு ‘முளைக்கட்டு’: கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு,

மோதிரத்தில் கல் பதிக்கும் முறைகளில் குவளைக்கட்டு (கல்லைச் சுற்றி முழு விளிம்பு), கவ்வுக்கட்டு (நாலு அல்லது ஆறு கால்), வாய்க்கால்கட்டு (இரு சுவருக்கு நடுவே கல்வரிசை) என்று எழுதி வருகிறோம். ‘பெக் செட்டிங்’ (முத்தில் துளையிட்டு, மோதிரத்தில் நிற்கும் கம்பியில் செருகி ஒட்டுவது) மட்டும் பாக்கி. மன்னார் வளைகுடா முத்தைப் பார்த்த கரையில் இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டாமா? ‘ஆணிக்கட்டு’ சரியாக வரும் என்பது என் எண்ணம்.
(கீழக்கரையிலிருந்து)

---

காக்கா, ‘ஆணி’ வேண்டாம். ஆணிமுத்து என்றாலே உயர்தர முத்து. ஆணிக்கட்டு மோதிரம் என்றால் ஆணிமுத்து பதித்தது என்றே வாங்குபவர் நினைப்பார். விலை பேசும்போது வம்பு. ‘முளைக்கட்டு’ என்போம். தோணிக்கயிறு கட்ட அடிப்பதும் முளைதானே.

வரையறையில் வேலைமுறையும் வரட்டும். முத்தின் கடினம் மோஸ் அளவில் (1 முதல் 10 வரை போகும் கடின அளவு) 2.5 முதல் 4.5 வரைதான்; நீலக்கல் 9. கால்களை மடக்கி அழுத்தினால் முத்தின் மேற்பூச்சு கீறும். அதனால் அடியிலிருந்து பாதி ஆழத்துக்குக் குறையாமல் துளைத்து, அதில் ஏறக்குறைய 0.8 மி.மீ. கம்பியை (இதுதான் முளை) செருகி ஒட்டுகிறோம். பற்றவைப்பும் மெருகும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முத்து சூடு தாங்காது. கம்பி வழவழப்பாக இருந்தால் பசை பிடிக்காது, முறுக்கியோ கொத்தியோ விட வேண்டும். நீளவாக்கில் ஒரு கீறலும் அவசியம். இல்லையென்றால் துளைக்குள் அடைபட்ட காற்று முத்தை மேலே தள்ளும், அடியில் இடைவெளி விழும். இருபகுதி எப்பாக்சிப் பசை பூசி 24 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும்.
(தேவிபட்டினத்திலிருந்து)

---

முளைக்கட்டு எனக்கும் சம்மதம் தம்பி. முத்தின் அடியில் உள்ள சிறு கிண்ணத்தைக் குவளை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குவளையின் விளிம்பு கல்மேல் மடியும். இது மடியாது, தாங்கும், அவ்வளவுதான். ‘கிண்ணி’ என்று தனியாக வைப்போம். கிண்ணியின் வளைவு முத்தின் வளைவோடு பொருந்த வேண்டும். தட்டையாக இருந்தால் முத்து நடுவில் மட்டும் தொட்டு ஆடும், பாரம் முழுதும் கம்பிக்குப் போய்ப் பசை விட்டுவிடும்.

முழுக்கத் துளைத்து மேலே கம்பியைத் தட்டி அகட்டுவது இதில் சேராது. அதற்கு ‘ஊடுகம்பிக்கட்டு’ என்று வேறு பதிவு போடலாம்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

முளைக்கட்டு: அரைத்துளை இட்ட முத்தை, கிண்ணியின் நடுவே நிற்கும் முளையில் பசையால் நிறுத்தும் கட்டு. பவள மணிக்கும் பொருந்தும். அல்ட்ராசோனிக் (ஒலியதிர்வால் கழுவும்) தொட்டியில் கழுவக் கூடாது.