ஃபாக்ஸின் மனைவி எலிசபெத் ஆர்மிஸ்டெட்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

யாழினி: அத்தை, வாரன் ஹேஸ்டிங்ஸ் விசாரணையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த அவர்மீது வழக்காடிய பிரிட்டிஷ் அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸின் மனைவி முன்பு கணிகையாக இருந்தவர் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்.

மீனாட்சி அத்தை: அவரை ஒரு வரியில் அடக்குவது அநியாயம், யாழினி. எலிசபெத் ஆர்மிஸ்டெட் 1750இல் பிறந்தவர். டார்செட் கோமகன், டெர்பி பிரபு, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் என்று லண்டனின் பெரும்புள்ளிகள் பலர் அவருடைய அன்பை நாடி வந்தவர்கள். அந்தத் தொழிலில் இருந்த பெண்கள் பலர் இளமை போனதும் கடனிலும் வறுமையிலும் வீழ்ந்தார்கள். இவரோ சொந்த வீடும் ஆண்டுதோறும் வரும் நிலையான தொகையும் தேடிக்கொண்டு, யார் கையையும் எதிர்பார்க்காத நிலையில் இருந்தார்.

கோபால் சித்தப்பா: அப்படிப்பட்டவர் ஃபாக்ஸிடம் என்ன கண்டார், அக்கா? அவர் சூதாட்டத்தில் சொத்தை அழித்தவர் அல்லவா?

மீனாட்சி அத்தை: அழித்தவர்தான், தம்பி. இருபத்தைந்து வயதையொட்டி அவர் சேர்த்துவைத்த கடன் ஒரு லட்சம் பவுனைத் தாண்டியிருந்தது. தந்தை ஹாலண்ட் பிரபுதான் அதை அடைத்தார். எலிசபெத்தும் அவரும் நெருங்கியது 1783இல். அதே ஆண்டு டிசம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்த ஃபாக்ஸ் கொண்டுவந்த மசோதா பிரபுக்கள் அவையில் தோற்றது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அந்த அமைச்சரவையையே வீட்டுக்கு அனுப்பினார். பதவியும் பணமும் இல்லாத அந்த மனிதருக்காகத்தான் எலிசபெத் தம் லண்டன் வீடுகளையும் ஆண்டுத்தொகைகளையும் விற்றார். ஒரு பெரிய மனிதர் தாழ்ந்த பெண்ணுக்கு வாழ்வு கொடுத்தார் என்று இதைச் சொல்பவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. கொடுத்தவர் எலிசபெத்.

செந்தில்: அம்மா, பிறகு இருவரும் எங்கே இருந்தார்கள்?

மீனாட்சி அத்தை: சர்ரேயில் செர்ட்சிக்கு அருகே, செயின்ட் ஆன்ஸ் ஹில் என்னும் குன்றின்மேல் இருந்த வீட்டில். இரவெல்லாம் சூதாட்ட மேசையில் கிடந்த ஃபாக்ஸ் அங்கே தோட்டம் பார்த்தார், கிரேக்க, லத்தீன் கவிதைகளைப் படித்தார், பிரிந்திருந்த நாட்களில் 'லிஸ்' என்று அழைத்து அவருக்குக் கடிதம் எழுதினார். 1788இல் இருவரும் இத்தாலியில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, மன்னருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற செய்தி பொலோனியாவில் கிடைக்கவே, வேல்ஸ் இளவரசர் ஆட்சிப் பொறுப்பேற்கலாம் என்பதால் ஃபாக்ஸ் ஒன்பதே நாளில் லண்டனுக்கு விரைந்து, உடல் நொந்துபோய் வந்து சேர்ந்தார்.

யாழினி: திருமணம் எப்போது நடந்தது, அத்தை?

மீனாட்சி அத்தை: 1795 செப்டம்பர் 28 அன்று, ஹண்டிங்டன்ஷயரில் வைட்டன் என்ற சிற்றூரின் தேவாலயத்தில். மணந்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஃபாக்ஸ். அது அவருடைய அரசியலைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சியவர் எலிசபெத். அதனால் திருமணத்தை இரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1802இல், பிரிட்டனும் பிரான்சும் போரை நிறுத்திச் செய்துகொண்ட ஆமியான் சமாதானத்துக்குப் பின் இருவரும் பாரிசுக்குப் புறப்பட்ட காலத்தில்தான் ஊருக்கே உண்மை தெரிந்தது. ஏழு ஆண்டுகள், சட்டப்படி மனைவியாக இருந்தும், வைப்பாட்டி என்ற பேச்சை அந்தப் பெண் வாய் திறக்காமல் தாங்கிக்கொண்டார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

கோபால் சித்தப்பா: ஃபாக்ஸ் நெடுநாள் வாழவில்லை என்று நினைக்கிறேன்.

மீனாட்சி அத்தை: ஆமாம். 1806இல் மீண்டும் வெளியுறவு அமைச்சரானார். அடிமை வாணிபத்தை ஒழிக்கும் தீர்மானத்தை ஜூன் மாதம் அவையில் நிறைவேற்றினார். செப்டம்பர் 13 அன்று சிஸ்விக் மாளிகையில் உடலில் நீர் தேங்கி வீங்கும் நீர்க்கோவை நோயால் இறந்தார். எலிசபெத் அருகிலேயே இருந்தார்.

செந்தில்: பிள்ளைகள் இருந்தார்களா?

மீனாட்சி அத்தை: இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. எலிசபெத் அதற்குப் பின் 36 ஆண்டுகள் அதே குன்றின்மேல் வாழ்ந்தார். ஒருகாலத்தில் அவரை நாடி வந்த நான்காம் ஜார்ஜ், மன்னரான பிறகு அவருக்கு ஓர் ஓய்வூதியம் அளித்தார். 1842 ஜூலை 8 அன்று, தொண்ணூற்றிரண்டாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு இறந்தார். ஃபாக்ஸ் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறார். எலிசபெத்தை அடக்கம் செய்தது செர்ட்சியில்.