பூஞ்சை பிடித்த விஎச்எஸ் வீடியோ கேசட்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உதவி தேவை

1998-ல் காவேரிப்பட்டணத்தில் லோக்கல் கேபிளில் ஞாயிறு காலை ஒரு மாமா சிறுவர் நிகழ்ச்சி நடத்துவார். அப்போது நாங்கள் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004-ல்தான். பிறந்தநாள் பிள்ளைகளைத் தெருப் பெயரோடு சொல்லி வாழ்த்துவார். என் ஏழாவது பிறந்தநாளுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து விடுகதை போட்டேன். மைக்கை என் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தபடி, விடை தெரிந்தும் தெரியாததுபோல் தலையைச் சொறிந்தார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்பா அதைப் பதிவு செய்த கேசட் போன மாதம் பரணில் கிடைத்தது. இ-180, மூன்று மணி நேர விஎச்எஸ். டேப் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. பூஞ்சைதான். தெரிந்தவர் வீட்டு விசிஆரில் போட்டதில் இரண்டு நிமிடம் குரல் தெளிவாக வந்தது, படம் முழுக்கக் கோடு, அப்புறம் நின்றுவிட்டது. விசிஆரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துவிட்டுப் போட்டும் அதேதான். டேப் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் நிறுத்திவிட்டேன். இப்போது சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இருக்கிறது.

தருமபுரியில் இரண்டு ஸ்டுடியோ, சேலத்தில் ஒரு கடை என்று அலைந்தாயிற்று. பூஞ்சை மெஷினுக்கும் பரவும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, சரியான விசிஆர் கிடைப்பதே இன்று அரிது. கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை. மாமாவுக்கு வயதாகிவிட்டது; அவரிடம் ஒரு பதிவுகூட இல்லையாம். அவர் பார்க்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் வட்டாரத்தில் பூஞ்சை பிடித்த டேப்பை நேரில் வாங்கிச் சுத்தம் செய்து, டிஜிட்டலாக மாற்றித் தருபவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?