பின்புறம் நீட்டிக் கட்டிய வீட்டை விற்றபோது: சான்றிதழ்களும் கட்டணங்களும், உங்கள் அனுபவம் என்ன?

இங்கிலாந்தில் நாங்கள் இருபத்தாறு ஆண்டுகள் குடியிருந்த செமி டிட்டாச்ட் வீட்டை (ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் வீடு) 2024 இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு விட்டோம். அதன் சமையலறையை 2009இல் பின்புறமாக மூன்று மீட்டர் நீட்டிக் கட்டியிருந்தோம். கட்டித் தந்தவர் அப்போது, “இதற்கு அனுமதி ஒன்றும் தேவையில்லை” என்று சொன்னார், நாங்களும் அதை முழுமையாக நம்பினோம். அவர் சொன்னது பாதி உண்மை என்பது பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. ஒட்டிய வீடுகளில் மூன்று மீட்டருக்கு மேற்படாத தரைத்தளம் மட்டுமுள்ள நீட்டிப்பு, உயரம் முதலான மற்ற வரம்புகளுக்கும் உட்பட்டிருந்தால், பிளானிங் அனுமதி, அதாவது எங்கே, எவ்வளவு கட்டலாம் என்பதற்கான அனுமதி, இல்லாமலே கட்டக்கூடியதுதான். ஆனால் அத்திவாரம், உத்தரம், வடிகால், வெப்பக்காப்பு ஆகியவற்றைச் சோதிக்கும் கட்டட ஒழுங்குவிதி அனுமதி முற்றிலும் வேறானது. முன்னதிலிருந்து விலக்கு இருப்பதால் பின்னதிலிருந்தும் விலக்கு கிடைத்துவிடாது.

விற்பவர் நிரப்ப வேண்டிய டி.ஏ.6 படிவத்தில், வீட்டில் செய்த மாற்றங்களையும் அவற்றுக்குப் பெற்ற அனுமதிகளையும் கேட்கிறார்கள். நான் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். இரண்டு வாரத்தில் வாங்குபவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்), வேலை கட்டட ஒழுங்குவிதிப்படி முடிந்தது என்பதைக் காட்டும் நிறைவுச் சான்றிதழைக் கேட்டுக் கடிதம் அனுப்பினார். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் சொலிசிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவை நானே அழைத்து, எங்கள் முகவரியையும் கட்டிய ஆண்டையும் சொல்லி, பழைய கோப்பு ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தேன். கோப்பு எதுவும் இருக்கவில்லை. மறுநாள் இதைச் சொன்னபோது சொலிசிட்டர் சற்று நேரம் பேசவே இல்லை. இத்தகைய நிலையில் வழக்கமாக ஒரே தவணைக் கட்டணத்தில் எடுக்கும் இழப்பீட்டுக் காப்புறுதியை, அதாவது பின்னாளில் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் இழப்பை ஈடுசெய்யும் காப்புறுதியை, கவுன்சிலுடன் இது பற்றி ஏற்கெனவே தொடர்புகொண்டிருந்தால் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் தருவதில்லை என்று பிறகு விளக்கினார். அந்த ஓர் அழைப்பால் எங்களுக்கு அந்த வழி அடைபட்டது.

எஞ்சியிருந்தது முறைப்படுத்தல் சான்றிதழ். 1985 நவம்பர் 11 முதல் அனுமதியின்றிச் செய்த வேலைகளுக்கு இதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கவுன்சில் மட்டுமே இதைத் தர முடியும், தனியார் பரிசோதகர்களால் முடியாது. கட்டணத்தை ஒவ்வொரு கவுன்சிலும் தானே நிர்ணயிக்கிறது. வாட் வரி இல்லையென்றாலும், முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தால் செலுத்தியிருக்கும் தொகையைவிட எங்களிடம் கேட்டது அதிகமாகவே இருந்தது. உண்மையில் பணம் போனது கட்டணத்தில் அல்ல. பரிசோதகர் அத்திவாரத்தின் ஒரு மூலையைத் தோண்டிக் காட்டச் சொன்னார், பழைய பின்சுவரை இடித்த இடத்தில் இருந்த இரும்பு உத்தரத்தைக் காண உட்கூரைப் பலகையை வெட்டச் சொன்னார், அந்த உத்தரத்துக்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கீட்டையும் கேட்டார். உத்தரம் பாரம் தாங்கப் போதுமானதாக இருந்தது, ஆனால் அதற்குத் தீத்தடுப்புப் பூச்சுப் பலகை போதவில்லை. அதைச் சரிசெய்து, சுவருக்கு மீண்டும் வர்ணம் பூசி, சான்றிதழ் கைக்கு வர ஏழு வாரம் ஆயிற்று. வாங்குபவர்கள் பொறுத்திருந்தது எங்கள் நல்லூழ்.

மறுமொழி

அண்ணா, எங்களுடைய கதை உங்களுடையதைவிடச் சற்று எளிது. மேல்மாடக் கூரையை அறையாக்கியபோது கட்டடக் கட்டுப்பாட்டுக்கு முறையாக அறிவித்திருந்தோம், இடைநிலைப் பரிசோதனைகளும் நடந்தன, இறுதிப் பரிசோதனைக்கு மட்டும் யாரும் அழைக்கவில்லை. வேலை முடித்தவர் கடைசிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார், எங்களுக்கும் அது தோன்றவில்லை. ஆகவே புதிதாக முறைப்படுத்தல் விண்ணப்பம் தேவைப்படவில்லை. மூடிக்கிடந்த கோப்பைத் திறக்க ஒரு சிறு கட்டணம் செலுத்தினோம். வந்த பரிசோதகர் மாடிப்படியை ஒட்டிய அறைகளின் தீத்தடுப்புக் கதவுகளையும், மின்சாரத்தில் இணைத்த புகை எச்சரிக்கைக் கருவிகளையும் பார்த்தார். அழகுக்காக நாங்கள் ஒரு கதவை மாற்றியிருந்தோம், அதை மட்டும் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது. கடைசிப் பணத்தைச் சான்றிதழ் வந்த பிறகே கொடுத்திருக்கலாமென்று என் கணவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுமொழி

நான்கு ஆண்டு கடந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிறகு ஏன் இத்தனை சிரமம்?

மறுமொழி

தம்பி, அந்த நான்கு ஆண்டு பிளானிங் விதிக்கு உரியது. அதுவும் 2024 ஏப்ரல் 25க்கு முன் பெருமளவு முடிந்த கட்டடங்களுக்கு மட்டுமே இப்போது பொருந்தும். அதற்குப் பிற்பட்டவற்றுக்குப் பத்து ஆண்டு ஆக்கிவிட்டார்கள். கட்டட ஒழுங்குவிதிக்கு வேறு கணக்கு இருக்கிறது: திருத்தவோ இடிக்கவோ சொல்லி அறிவித்தல் கொடுக்கக் கவுன்சிலுக்கு 12 மாதமாக இருந்த வரம்பை 2023 அக்டோபர் முதல் பத்து ஆண்டாக நீட்டியிருக்கிறார்கள். காலம் கடந்தாலும், சான்றிதழ் இல்லாத கட்டடத்தைப் பார்த்து வாங்குபவரின் கடன் வழங்குநர் தயங்குவதை எந்த வரம்பும் தடுக்காது.

நாங்கள் விற்றபோது சிக்கல் பிளானிங் பக்கத்தில்தான் இருந்தது. எங்கள் நீட்டிப்பு அனுமதி தேவைப்படாத அளவைவிடச் சற்றுக் கூடுதல்; கட்டி ஆறு ஆண்டாகியிருந்தது. அது இப்போது சட்டப்படி செல்லும் என்பதைக் காட்டும் சான்றிதழைக் கவுன்சிலிடம் கேட்டோம். கட்டிமுடித்ததற்கான இந்த விண்ணப்பத்துக்கு முழுப் பிளானிங் விண்ணப்பத்தின் கட்டணமே உண்டு. வீட்டு நீட்டிப்புக்கு அது முன்பு 258 பவுண்டாக இருந்து, 2025 ஏப்ரல் 1 முதல் 528 பவுண்டாகியிருந்தது. நாங்கள் விண்ணப்பித்தது அதே ஆண்டு மே மாதம். கட்டுவதற்கு முன்பே கேட்டிருந்தால் பாதிக் கட்டணம்தான். எப்போது கட்டி முடிந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. பழைய விலைப்பட்டியல், வங்கிக் கணக்கு விவரம், தேதியுள்ள புகைப்படம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். பிறந்தநாள் விழாப் படமொன்றின் பின்னணியில் முடிந்த சுவர் தெரிந்ததுதான் மிகவும் உதவியது!

மறுமொழி

வடிகாலையும் மறக்காதீர்கள். எங்கள் நீட்டிப்பு பக்கத்து வீட்டோடு பகிரும் கழிவுநீர்க் குழாயின் மேல் இருந்தது. அத்தகைய குழாய்களில் பெரும்பாலானவை 2011 அக்டோபர் 1 அன்று தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்புக்குப் போய்விட்டன. நாங்கள் கட்டியது 2014இல், ஆகவே நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்பட்டிருந்தது. வாங்குபவர் தரப்பில் வீட்டின் வடிகால் பதிவுகளை விசாரித்து, குழாய் வரைபடத்தில் அது தெரிந்தபோதுதான் எங்களுக்கே அது தெரியவந்தது.

முதலில் எழுதியவர்

அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. பொறியாளர் கட்டணத்தையும் திருத்த வேலையையும் யார் ஏற்பது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் விஷயத்தில் முழுவதையும் நாங்களே ஏற்றோம். விலையைக் குறைத்துவிட்டு வாங்குபவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று வீட்டு விற்பனை முகவர் யோசனை சொன்னார், ஆனால் வாங்குபவர்களின் வங்கி சான்றிதழைப் பார்க்காமல் பணம் விடுவிக்க மாட்டோம் என்று எழுதிவிட்டதால் அந்தப் பேச்சு அத்துடன் நின்றுவிட்டது.