பி.டி. அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் வருகிறது, எதை நம்புவது?

சோடாபுட்டி:
ஆன்லைனில் இன்னொரு கண்ணாடி ஆர்டர் போடலாம் என்று உட்கார்ந்தேன். டாக்டர் சீட்டில் பவர் இருக்கிறது, இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 5.50, சிலிண்டர், அதாவது பார்வைச் சிதறலுக்கான பவர், கிடையாது. ஆனால் பி.டி., அதாவது ஒரு கண் பாப்பாவின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்கிற கணக்கு, அதை மட்டும் எழுதவில்லை. சரி, நாமே அளந்துவிடலாம் என்று ஸ்கேலை மூக்குமேல் வைத்துக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்றேன். முதலில் 61, அடுத்து 64, அப்புறம் 66! போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றினால் என் முகமே எனக்குக் கலங்கலாகத்தான் தெரியும், இதில் ஸ்கேல் கோட்டை எங்கே படிப்பது. உத்தேசமாக நடுவில் 64 என்று போட்டுவிடலாமா? இரண்டு மூன்று மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடப் போகிறது?

மழைத்துளி:
நான் ஏடிஎம் கார்டை மூக்குக்குக் கீழே பிடித்து போனில் ஒரு போட்டோ எடுத்துக் கணக்குப் போட்டேன். எல்லா கார்டும் 85.6 மி.மீ. அகலம்தான், அதனால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 63 வந்தது, அதையே கொடுத்தேன், ஒரு பிரச்சினையும் இல்லை. என் பவர் மைனஸ் 1.25.

லென்ஸ் தேய்க்கிறவன்:
மழைத்துளி, உங்கள் 1.25-க்கு என்ன தப்பு செய்திருந்தாலும் கண் மன்னித்துவிடும். கேட்டவருக்கு 5.50, கதையே வேறு. லென்ஸின் நடு கண் பாப்பாவுக்கு நேராக இல்லாவிட்டால் அந்த லென்ஸ் ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் பட்டகம், அதாவது பிரிசம் மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். எவ்வளவு என்றால், விலகலை சென்டிமீட்டரில் வைத்துப் பவரால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் நிஜ அளவு 62 என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் 66 என்று கொடுத்தால் 4 மி.மீ. விலகல், 0.4 பெருக்கல் 5.5, மொத்தம் 2.2 பிரிசம். அதே தப்பு 1.25-க்கு வெறும் 0.5. அதிலும் மைனஸ் லென்ஸில் பி.டி. கூடிப்போனால் இரண்டு கண்ணும் வெளிப்பக்கமாக விலக வேண்டியிருக்கும். உள்பக்கம் சேர்வது கண்ணுக்குத் தினசரி வேலை, வெளியே விலகுவது பழக்கமே இல்லாத வேலை. தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

நம்பர் மாறுவதற்குக் காரணம், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அளந்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது பாப்பா இரண்டும் உள்ளே வந்துவிடும், புத்தகம் படிக்கிற தூரத்துக்கே 3, 4 மி.மீ. குறையும். ஒரு கண்ணை மூடி, திறந்திருக்கும் கண்ணின் பாப்பாவையே முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள், அங்கே ஸ்கேலின் பூஜ்யம். தலை, ஸ்கேல் இரண்டையும் அசைக்காமல் கண்ணை மாற்றி மூடி, அடுத்த பாப்பாவுக்கு நேராக என்ன நம்பர் என்று படியுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு பார்வையும் கண்ணாடிக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாகப் போகும், தூரத்தைப் பார்க்கிற மாதிரியே.

சோடாபுட்டி:
அண்ணா, புரிகிறது, ஆனால் கோடு தெரிந்தால்தானே படிக்க!

லென்ஸ் தேய்க்கிறவன்:
அதுவும் நியாயம்தான் தம்பி. மைனஸ் 5.50-க்குத் தெளிவு 18 செ.மீ. வரைக்கும்தான். கண்ணாடிக்கு 20 செ.மீ. தள்ளி நின்றால் பிம்பம் 40 செ.மீ. தள்ளி இருக்கும், கலங்கத்தான் செய்யும். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனால் தெரியும், பாதிப் பேர் அங்கேதான் தலையைச் சாய்த்துவிடுவார்கள்.

திண்ணைப்பேச்சு:
எனக்கும் சோடாபுட்டிதான், நான் செய்வதைச் சொல்கிறேன். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாக வெகு தூரத்தில் ஒரு கம்பமோ கோபுரமோ பாருங்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, அழிகிற மார்க்கரால் அந்தக் கம்பத்தின் உச்சி மறையும் இடத்தில் லென்ஸ் மேல் ஒரு புள்ளி. பிறகு அடுத்த கண்ணுக்கு. இரண்டு கண்ணையும் திறந்து அதே உச்சியைப் பார்த்தால் இரண்டு புள்ளியும் ஒட்டி ஒரே புள்ளியாகத் தெரிய வேண்டும், இரண்டாகத் தெரிந்தால் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கவும். கழற்றி மேசைமேல் வைத்து நிதானமாக அளக்கலாம். பிரேமின் மூக்குப்பாலத்து நடுவிலிருந்து தனித்தனியாகவும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பல பேருக்கு மூக்கு சரி நடுவில் இருப்பதில்லை.

புரோகிரசிவ் லென்ஸ், அதாவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ் என்றால் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அதற்கு லென்ஸில் பாப்பா எந்த உயரத்தில் வருகிறது என்றும் அளக்க வேண்டும், கடையில் கருவியில் பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

சோடாபுட்டி:
மூன்று தடவை செய்தேன். 62.5, 62, 62.5. தனித்தனியாக வலது 32, இடது 30.5. நேற்று மனதுக்குள் 64 என்று முடிவே பண்ணியிருந்தேன். அப்புறம், பிரேம் 54-18 என்று போட்டிருக்கிறது, அது பரவாயில்லையா?

லென்ஸ் தேய்க்கிறவன்:
54 என்பது லென்ஸின் அகலம், 18 மூக்குப்பாலம். இரண்டையும் சேர்த்தால் 72, அதுதான் பிரேமில் ஒரு லென்ஸின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரைக்கும் உள்ள தூரம். உங்களுக்கு 62.5. ஒவ்வொரு லென்ஸையும் கிட்டத்தட்ட 5 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளித்தான் வெட்ட வேண்டும், அப்போது காதுப் பக்கத்து ஓரம் தடியாக நிற்கும். 48-18 மாதிரி ஏதாவது பாருங்கள்.