மலையகத்திலிருந்து மியூசியம் போனவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

ஹட்டன்காரன், இப்போது கொழும்பில்:

இலங்கை நவீன, சமகாலக் கலை மியூசியம் 2019 கடைசியில் கொழும்பில் தொடங்கியது. இடையில் கொரோனாவில் மூடி, அப்புறம் கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட் கட்டடத்துக்கு வந்தார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. சுவரில் எழுதுவதை மூன்று மொழியிலும் எழுதுகிறார்கள், தமிழ் ஒப்புக்கு மூலையில் ஒட்டியது மாதிரி இருக்காது. என்னோடு வேலை செய்யும் ஒருவர், "ஓசிதானே, உங்கள் ஆட்கள் ஏன் வருவதில்லை?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை, ஆனால் ஹட்டனிலிருந்து ஒரு தோட்டத்துக் குடும்பம் வந்துபோகும் பஸ் காசு, அன்றைக்கு விழாமல் போகும் பேர், அதாவது நாட்சம்பளம், கொழும்பில் மத்தியானச் சாப்பாடு, இதெல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை.

காசை விடுங்கள். நான் முதலில் தனியாகப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன், யாரும் தடுக்கவும் இல்லை, எனக்கு ஒன்றும் ஒட்டவும் இல்லை. பிறகு ஒரு தரம் போனபோது உள்ளே நின்ற பெண் பிள்ளை ஒருவர் தமிழில், "அண்ணா, இதில் உங்கள் கண்ணுக்கு முதலில் படுவது எது?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல ஆரம்பிக்கவில்லை, கேட்டுவிட்டு நின்றார். நான் ஏதோ சொல்ல, அவர் திருப்பி ஒன்று கேட்க, ஒரே படத்துக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்று கதைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து மியூசியம் ஒன்று நம் ஆட்களைச் சேர்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, மற்றதெல்லாம் நோட்டீஸ். உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டார்களா? இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நடந்து வெளியே வந்தீர்களா?

பண்டாரவளைப் பக்கம், சித்திர ஆசிரியை:

தம்பி, சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு '43 குழு என்று ஒரு பாடம் வரும். 1943இல் கொழும்பில் தொடங்கிய ஓவியர் குழு. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுசிறி, ரிச்சர்ட் கேப்ரியல் என்று பிள்ளைகள் பெயர்களைக் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். ஒரு படத்தையும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். புத்தகத்தில் இருப்பது தீப்பெட்டி அளவுப் படம், அதுவும் ஃபோட்டோக்கொப்பி எடுத்தால் கறுப்புத் திட்டு.

அந்த எரிச்சலில்தான் ஒரு வகுப்பைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்ன்ஸ் பிளேஸில் சப்புமல் அறக்கட்டளை என்று இருக்கிறது, ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு, அவரும் கூட்டாளிகளும் வரைந்த படங்கள் அறை அறையாகத் தொங்குகின்றன. வீடாக இருந்ததால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போனது. ஒரு பிள்ளை கன்வசுக்கு இவ்வளவு கிட்ட மூக்கை வைத்துக்கொண்டு, "டீச்சர், பெயின்ட் மேடு பள்ளமா இருக்கு" என்றாள். புத்தகத்தில் வாழ்நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத விசயம் அது. அன்றைக்கே பொரளை கோதமி விகாரைக்கும் போனோம். கீற் 1939, 40இல் வரைந்த சுவரோவியங்கள், புத்தரின் வாழ்க்கை. அவர் 1901இல் கண்டியில் பிறந்தவர் என்றதும் பையன்கள் முகம் மாறியது, நம்ம பக்கத்து ஆளா என்று. அதில் ஒருத்தன், வகுப்பில் வாயே திறக்காதவன், "கோடு எங்கேயும் நிக்கவே இல்ல டீச்சர், ஒராளோட கையில தொடங்கி அடுத்தாளோட தோளுல போய் முடியுது" என்றான். நான் இத்தனை வருசம் கரும்பலகையில் எழுதிப்போட்டதைவிட அது நல்ல குறிப்பு.

இதற்கு நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். வலயக் கல்விப் பணிமனை அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பஸ்காரரிடம் பேரம், இரவோடு இரவாகப் புறப்பாடு. வெலிமடைச் சந்தி தாண்டுவதற்குள் பாதிப் பிள்ளைகள் வாந்தி. மியூசியங்கள் "பாடசாலைகளை வரவேற்கிறோம்" என்று எழுதுவது சுலபம், கொழும்புப் பாடசாலைக்கு அது அரை நாள் வேலை, எங்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு கல்யாணம்.

நுவரெலியாவிலிருந்து ஒருவர்:

நான் போனது புகைப்படக் கண்காட்சி, இடம் பேர் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்துப் படங்கள். கீழே படம் எடுத்தவர் பேர், எடுத்த வருசம், எந்தத் தாளில் கழுவியது என்பதுவரை இருக்கிறது. கூடையோடு நிற்கிற மனுசிக்கு "தேயிலை பறிக்கும் பெண்" என்று மட்டும். அவர் பேர் தெரிய வழியில்லை, சரி. எந்தத் தோட்டம் என்றாவது யாரையாவது கேட்டுப் பார்த்திருக்கலாமே? பின்னால் தெரிகிற மலையைப் பார்த்தாலே எங்கள் ஆட்கள் நாலு பேர் சொல்லிவிடுவார்கள். கருத்துப் புத்தகத்தில் அதை எழுதிவிட்டு வந்தேன். பதில் இல்லை.

கம்பளைப் பக்கம்:

அக்கா, அண்ணன்மார், எல்லோரும் கொழும்பையே சொல்கிறீர்கள். இங்கே கம்பளைக்குக் கிட்ட ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர் மியூசியம் 2007இலிருந்து இருக்கிறது, சமூக அபிவிருத்தி நிறுவகம் நடத்துவது. பழைய லயத்தையே (தொழிலாளர் இருந்த வரிசை வீடு, அதில் ஓர் அறைதான் காம்பரா) மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். புழங்கின சாமான், வேலைக் கருவி, பழைய காகிதங்கள், எல்லாம் சனங்களிடமிருந்து சேர்த்தது. கலை மியூசியம் இல்லை என்பீர்கள், அது எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

என் அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். "காம்பராவைப் பாக்க காம்பராவில இருந்து வான் பிடிச்சுப் போகணுமா" என்று வழி நெடுக நக்கல். உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. நாங்கள் போன நேரம் ஒரு சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒரு பிள்ளை கூடையைக் காட்டி டீச்சரிடம் ஏதோ கேட்க, அவருக்குத் தெரியவில்லை, அவர்களைக் கூட்டி வந்த இன்னொருவர் எங்கள் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் சொல்லுங்களேன்" என்றார். அவ்வளவுதான், அம்மாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டது. மட்டக்கம்புக்குப் பதிலாக அங்கே கிடந்த ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, செடி மேலே அதைப் படுக்கப் போட்டு, கம்புக்கு மேலே நிற்கிற கொழுந்தைத்தான் கிள்ளலாம், கீழே கை போனால் மட்டம் கெட்டுவிடும், மட்டம் கெட்டால் கங்காணி வாயிலிருந்து என்ன வரும் என்பதுவரை நடித்தே காட்டியது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் போகிற வேகம் இருக்கிறதே, பிள்ளைகள் "ஆயெத், ஆயெத்" என்று திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். இடுப்பில் படங்கு கட்டுவது ஏன், பனி இறங்கின செடிக்குள் அது இல்லாமல் நின்றால் வயிற்றுவரை எப்படி நனையும், எல்லாம் வந்தது. கூட்டி வந்தவர் சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தார், பாதி இடத்தில் அதற்குத் தேவையே இருக்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மாயி, "அந்தக் கூடைய தப்பாத்தான் மாட்டி வச்சிருக்கானுங்க, நான் இருக்கயிலேயே கேட்டுக்கச் சொல்லு" என்றது.

மஸ்கெலியா, முன்பு காட்சிக்கூடத்தில் வேலை:

மேலே அண்ணனிடம் கேள்வி கேட்ட பிள்ளை நான் இல்லை, ஆனால் கொழும்பில் வேறொரு இடத்தில் அதே வேலைதான் செய்தேன். அந்தக் கேள்விகள் சும்மா வருவதில்லை, அதற்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் அபிகேல் ஹவுசன் என்ற ஆய்வாளரும், நியூயோர்க் நவீன கலை மியூசியத்தில் கல்விப் பொறுப்பில் இருந்த பிலிப் யெனவைனும் சேர்ந்து உருவாக்கியது, கேள்வி மூன்றே மூன்று. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? வேறு என்ன தெரிகிறது? நடத்துகிறவர் சரி, பிழை சொல்லக் கூடாது. சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சொன்ன இடத்தைப் படத்தில் விரலால் காட்டி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு கோர்த்துவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் லேசான வேலை. நமக்குத் தெரிந்த விடையைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்தால்தான் விளங்கும்.

இரண்டாவது கேள்விதான் நம் ஆட்களிடம் கவனம். "எதை வைத்துச் சொல்றீங்க?" என்று குரல் கொஞ்சம் கூடினால் பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், கணக்குக் கேட்கிற மாதிரி ஆகிவிடும், உடனே "தெரியாதுங்க" என்று ஒதுங்கிவிடுவார்கள். நான் "எந்த இடத்துல அது தெரியுது, எனக்கும் காட்டுங்க" என்று மாற்றிக்கொண்டேன்.

ஒரு தடவை எங்கள் பக்கத்துத் தோட்டத்து அம்மாமார் ஒரு வானில் வந்தார்கள். வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கும்பிடுகிற இடம் என்று நினைத்து இல்லை, தரை அவ்வளவு பளபளப்பு, நம்மால் அழுக்காகிவிடக் கூடாது என்று. போட்டுக்கொள்ளலாம் என்று காவலாளி சொன்னதும் இன்னும் கூச்சம். நானும் என் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே நடந்தேன். அதற்கப்புறம் பேச்சு வந்தது. ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேத்தண்ணி வடிகட்டியையும் தேயிலைப் பையையும் வைத்துப் படைப்புகள் செய்பவர், அவரைப் பற்றிச் சொல்லிப் படம் காட்டினேன். "இதெல்லாம் குப்பையில போடுறதுதானே" என்று ஒரு அம்மா கேட்க, பக்கத்தில் இருந்தவர், "வடிகட்டியில என்ன மிஞ்சும்? சக்கைதானே. நம்மளத்தான் சொல்லுது அந்தப் புள்ள" என்றார். நான் ஒன்றும் சேர்க்கவில்லை. பின்னேரம் தேயிலைச் சாயத்தில் படம் வரைய வைத்தோம், தூள் கூடினால் எவ்வளவு கறுக்கும், எலுமிச்சை விட்டால் எப்படி வெளிறும் என்று எங்களுக்கே அவர்கள்தான் சொல்லித் தந்தார்கள்.

பொகவந்தலாவை:

எல்லாம் இனிப்பாகவே போகிறது, நான் கொஞ்சம் கசப்பு. எங்கள் தோட்டத்துக்கு ஒரு குழு வந்தது, கலைப் பட்டறை என்று. முதலில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தார்கள். சனிக்கிழமை பத்து மணிக்குத் தாய்மார் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்பார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. பிறகு பௌர்ணமி விடுமுறையான போயா நாளுக்கு மாற்றினார்கள், கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது, நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகள் வரைந்ததை எல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள், கண்காட்சி வைத்துவிட்டுத் திருப்பித் தருவதாக. வரவில்லை. கண்காட்சி நடந்ததை யாரோ ஃபேஸ்புக்கில் போட்ட படத்தில்தான் பார்த்தோம், பிள்ளைகள் பேரும் இல்லை. இப்போது பேப்பரோடு யார் வந்தாலும் என் மகள், "திருப்பித் தருவாங்களாப்பா?" என்றுதான் முதலில் கேட்கிறாள்.

இன்னொன்று. சனங்களைக் கலையோடு சேர்ப்பது எப்படி என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன்கூத்துக்குக் கம்பம் ஊன்றினால் நோட்டீஸ் இல்லை, அழைப்பிதழ் இல்லை, லயத்துக்கு லயம் ஆள் வரும். வேசம் கட்டுகிறவன் காலையில் கவ்வாத்து வெட்டியவன், தப்பு மேளம் அடிக்கிறவன் பக்கத்துக் காம்பரா, தப்பாக ஆடினால் கூட்டத்திலிருந்தே ஒரு கிழவர் எழுந்து திருத்துவார். பார்க்கிறவர், செய்கிறவர் என்று அங்கே வேலி கிடையாது. பட்டணத்து மியூசியத்தில் இருந்து வருகிறவர்கள் ஒரு மாசி மாதம் வந்து எங்களோடு இரவு முழித்துப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டம் போடட்டும்.

ஹட்டன்காரன்:

பொகவந்தலாவை அண்ணன் சொன்னது நெஞ்சில் குத்துகிறது, மறுக்க முடியாது. அது நடக்காமல் இருக்க ஒரு வழி: பட்டறை தொடங்கும் முன்னமே படங்கள் யாருக்குச் சொந்தம், எத்தனை நாளில் திரும்பும், பிள்ளையின் பேர் போடுவதா வேண்டாமா என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல அமைப்பு என்றால் அவர்களே கொண்டு வருவார்கள். கொண்டு வராவிட்டால் நாமே நீட்டலாம், கோபித்துக்கொண்டால் அதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பண்டாரவளை ஆசிரியை:

நல்லது. நான் ஒன்று சேர்க்கிறேன், கூட்டமாகப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதி, தமிழில் கதைக்கக்கூடிய ஆள் அன்றைக்கு இருப்பாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனை பேர், என்ன வயது என்றும் சொல்லிவிடுங்கள். முப்பது பிள்ளைகளை ஒரே படத்துக்கு முன் நிறுத்தினால் பின்னால் நிற்பவன் பார்ப்பது முன்னால் நிற்பவனின் முதுகைத்தான், இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதையும் மறக்காமல் கேளுங்கள், சிரிக்காதீர்கள், இது பெரிய பிரச்சினை.

கம்பளைத் தம்பி, ஓல்ட் பீக்கொக்குக்கு என் பிள்ளைகளைக் கூட்டிவர யோசிக்கிறேன். அம்மாயிக்குச் சுகம் எப்படி, அன்றைக்கு அவராலும் வர ஏலுமா?

கம்பளைப் பக்கம்:

டீச்சர், அம்மாயியிடம் கேட்டேன். வருமாம். போக வர வான், தேத்தண்ணி, அப்புறம் அந்தக் கூடையைச் சரியாக மாட்ட யாராவது ஒரு ஏணி, இவ்வளவும் வேண்டுமாம்.